பெரட்டு மணியும் கைக்கடிகாரமும்

புதிய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கியவர் முதலில் கேட்கும் வினா, "இது சரியாக ஓடுமா?" என்பதேயாகும். எளிய வினாவாகத் தோன்றினும் இதனுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. பொறி பிழையின்றி இயங்குகின்றதா என்பது ஒன்று. அப்பொறியை எந்த நேரத்தோடு ஒப்பிட்டுச் சரியெனக் கொள்வது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கடிகாரம் பழுதுபார்ப்பவர் விடை கூறுவார். இரண்டாவது வினாவுக்கு வரலாறே விடை கூற வேண்டும். பேராக் மாநிலத்தில், குறிப்பாக ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர்தம் வாழ்வோடு இந்த இரண்டாம் வினா நெருங்கிப் பிணைந்திருந்தது. அன்றாடக் கூலியும், உறக்கமும், ஒரு காலத்தில் உயிர்ப்பாதுகாப்பும் கூட அதனைச் சார்ந்தே நின்றன.

நாழிகையும் விநாடியும்

நேரக்கணக்கு தமிழர்க்குப் புதியதன்று. ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாடியாகவும் பகுத்து அவர்கள் வழங்கினர். இக்கால அளவையில் ஒரு நாழிகை 24 நிமிடம். பழைய விநாடி ஒன்று 24 நொடி. அரசனது பாசறையில் நீர்க்கன்னலைக் கொண்டு பொழுதை அளந்து அறிவிப்போர் இருந்தனர் என்பதனை முல்லைப்பாட்டால் அறிகின்றோம். கடிகாரம் என்னும் சொல்லிலும் நாழிகையைக் குறிக்கும் கடிகை என்னும் சொல்லின் தொடர்பு புலப்படுகின்றது.

ஆயினும் அந்த நாழிகைக் கணக்கு அவ்வவ்வூர்க் கதிரவனைச் சார்ந்தது. ஓர் ஊரின் நண்பகல் மற்றோர் ஊரின் நண்பகல் ஆகாது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகின்றமையால், கிழக்கிலுள்ள ஊரில் பொழுது முன்னரே புலரும். ஊர்தோறும் தனித்தனி நேரம் வழங்குவதால் நடந்தும் மாட்டுவண்டியிலும் பயணம் செய்த காலத்தில் இடர் ஏதும் நேரவில்லை. புகைவண்டியும் தந்தியும் வந்த பின்னரே பல ஊர்களுக்கு ஒரே நேரம் தேவைப்பட்டது.

இத்துறையில் சென்னைக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுப்பப்பட்ட வானாய்வகத்தின் கணக்கின்படி, சென்னை நேரம் கிரீன்விச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முற்பட்டதெனக் கொள்ளப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியப் புகைவண்டிகள் இந்தச் சென்னை நேரத்தையே பின்பற்றின. 1906 சனவரி முதல் நாளன்றுதான் ஐந்தரை மணி வேறுபாடுடைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்த தொழிலாளி, தன் ஊர்ப் பொழுதையும் அங்கேயே விட்டு வந்தான். ஈப்போவின் நண்பகல், சென்னையின் நண்பகலுக்கு ஏறத்தாழ 83 நிமிடம் முற்பட்டது. நாழிகைக் கணக்கில் அது மூன்றரை நாழிகைக்குச் சற்றுக் குறைவு.

தோட்டத்தின் நேரம்

1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தால் இரப்பருக்குத் தேவை மிகுந்தது, காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் பல்லாயிரவர் வந்து குவிந்தனர்.

இரப்பர் மரத்திற்கென ஒரு நேரம் உண்டு. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரால் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். விடியற்காலையில் உளியால் பட்டையைச் சீவினால் பால் நன்கு ஒழுகும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து ஒழுக்கும் தளரும். ஆகவே பால்மரத் தொழிலாளி கதிரவனுக்கு முன் எழ வேண்டியவனானான். இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். வெளிச்சம் வரும்பொழுது தன் நிரையில் இருக்க வேண்டும்.

அந்தப் பெரட்டுக்கு அழைத்தது மணியோசை. தொடக்கத்தில் தப்படித்தும், பின்னர்த் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டியும் தொழிலாளரை எழுப்பினர். கிராணி பெயரைக் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பார். அந்தப் பெயரே அன்றைய கூலி. பெரட்டுக்குப் பிந்தி வந்தவரைப் பெயரின்றித் திருப்பி அனுப்பும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. ஒரு சில நிமிடம் ஒரு நாள் உணவாக மாறிய இடம் அது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். நேரத்தை அறிவிக்கும் கடிகாரம் அலுவலகத்தில் இருந்தது. அதற்குச் சாவி கொடுத்தவரும், முள்ளைத் திருப்பியவரும் நிருவாகத்தைச் சார்ந்தவரே. மணி பத்து நிமிடம் முந்தி அடித்ததா, பிந்தி அடித்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க லயத்தில் வேறு கடிகாரம் இல்லை. சேவல் கூவுதலும், விடிவெள்ளியும், முற்றத்து நிழலுமே தொழிலாளிக்குத் துணை. அவை பொழுதைக் காட்டுமேயன்றிக் கணக்கில் ஏறா. வழக்கு என்று வந்தால் விடிவெள்ளியைச் சான்றாகக் கொண்டு செல்லவும் இயலாது.

மணிக்கூண்டுகள்

தோட்டத்திற்கு வெளியேயும் நேரம் உயரமான இடத்திலிருந்தே ஒலித்தது. பேராக்கில் இதற்கு இரண்டு சான்றுகள் இன்றும் நிற்கின்றன. கீழ்ப்பேராக்கின் தெலுக் இந்தானில் உள்ள சாய்ந்த கோபுரம் 1885இல் லியோங் சூன் சோங் என்னும் சீனக் கட்டடக்காரரால் எழுப்பப்பட்டது. வெளிப்பார்வைக்கு எட்டு அடுக்காகத் தோன்றும் அது உள்ளே மூன்று தளங்களையே உடையது. ஊருக்கு நீர் வழங்கும் தொட்டியாகவும் நேரம் காட்டும் கூண்டாகவும் பயன்பட்டது. இலண்டன் பென்சன் நிறுவனத்தின் கடிகாரம் அதன் உச்சியில் அமைந்தது. மென்மையான மண்ணும் நீரின் எடையும் கோபுரத்தைச் சாய்த்தன. கோபுரம் சாய்ந்தும் ஊரார் அதன் மணியை நம்பினர்.

ஈப்போவின் மணிக்கூண்டு 1909இல் எழுந்தது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஜேம்ஸ் பர்ச், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாகக் கட்டப்பட்ட இக்கூண்டின் நான்கு மூலைகளிலும் பற்றுறுதி, நீதி, பொறுமை, மனவுறுதி ஆகிய நான்கு பண்புகளைக் குறிக்கும் உருவங்கள் வைக்கப்பட்டன. ஆட்சியாளர் விரும்பிய பண்புகளும் ஆட்சியாளர் அறிவித்த நேரமும் ஒரே கட்டடத்தில் இடம்பெற்றன எனலாம். பர்ச்சின் கொலைக்காக 1877இல் தூக்கிலிடப்பட்டோருள் ஒருவரான டத்தோ சாகோரின் பெயரையே அக்கூண்டை ஒட்டிய சாலை பின்னாளில் பெற்றது. கூண்டு மாறவில்லை, அதனைச் சூழ்ந்த பொருள் மாறிவிட்டது.

நகர்ந்துகொண்டேயிருந்த முள்

அக்கூண்டுகள் காட்டிய நேரமாவது நிலைபெற்றதா? அதுவுமில்லை. மலாயாவின் நேரம் ஒரு நூற்றாண்டுக்குள் பலமுறை மாற்றப்பட்டது.

ஈப்போ ஏறத்தாழக் கிழக்கு 101 பாகையில் உள்ளது. கதிரவனை மட்டும் நோக்கினால் அதன் நேரம் கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 6 மணி 44 நிமிடம் முற்பட்டதாகும். 1901 சனவரி முதல் நாள், சிங்கப்பூரின் நேரமான 6 மணி 55 நிமிடம் 25 நொடி பொது நேரமாக ஏற்கப்பட்டது. அன்றே ஈப்போவின் கடிகாரம் தன் கதிரவனை விட்டு ஏறத்தாழப் பதினொரு நிமிடம் முந்திச் சென்றது. 1905 சூன் முதல் நாள் அது சரியாக ஏழு மணி வேறுபாடாக ஆக்கப்பட்டது. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பெறும் நோக்குடன் 1933 சனவரி முதல் நாள் மேலும் 20 நிமிடமும், 1941 செப்டம்பர் முதல் நாள் இன்னும் 10 நிமிடமும் சேர்க்கப்பட்டன.

அதன்பின் போர் வந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த மறுநாள், 1942 பிப்ரவரி 16 முதல் தோக்கியோ நேரம் திணிக்கப்பட்டது. கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அந்த மூன்றரை ஆண்டுகளில் ஈப்போவில் கதிரவன் எட்டு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையே உதித்தான். ஆள்வோர் யார் என்பதனைக் கொடி மட்டுமன்றி முள்ளும் காட்டியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டதும் ஏழரை மணி வேறுபாடு திரும்பியது. 1957 ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் கோலாலம்பூர் மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்து விடுதலையை அறிவித்ததும் இந்த ஏழரை மணிக் கணக்கில்தான்.

1981 திசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 12 மணிக்குத் திருப்பப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களுடன் நாடு முழுதும் ஒரே நேரம் வழங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அன்று முதல் ஈப்போவில் கதிரவன் ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே உதிக்கின்றான்.

போர்க்கால மாற்றத்தை நீக்கிக் கணக்கிட்டால், 1901க்கும் 1982க்கும் இடையே அரசின் நேரம் 64 நிமிடம் 35 நொடி முன்னேறியுள்ளது. ஆனால் இரப்பர் மரம் எந்த அரசாணையையும் படிப்பதில்லை. அதன் பால் கதிரவனுக்கு முன்பேதான் நன்கு ஒழுகும். எனவே ஒவ்வொரு முறையும் தோட்டம் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது. பெரட்டு மணியின் எண்ணை மாற்றிப் பழைய பொழுதைக் காப்பது ஒரு வழி. எண்ணைக் காத்துக்கொண்டு தொழிலாளியை இருளில் இன்னும் முன்னதாக எழுப்புவது மற்றொரு வழி. காலையில் கண்விழிக்கும் குழந்தையும், அதனை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்லும் தாயுமே அந்தத் தேர்வின் விளைவை உடலால் உணர்ந்தவர்கள்.

நேரம் உயிரைக் காத்த காலமும் உண்டு. 1948 சூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்டக் குடியிருப்புகள் பல முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன, ஊரடங்கு நிலவியது. வேலிக்கதவு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் காவலரின் கடிகாரத்தைப் பொறுத்திருந்தன. நிழலைப் பார்த்து வீடு திரும்புவது அக்காலத்தில் போதுமானதாக இல்லை. தன் கணக்கும் காவலர் கணக்கும் ஒத்திருக்க வேண்டும் என்னும் தேவை எழுந்தது.

மணிக்கட்டுக்கு வந்த நேரம்

இந்தப் பின்னணியில்தான் தொழிலாளியின் கையில் கடிகாரம் ஏறியதன் பொருளை உணர முடியும். முதல் உலகப்போரில் படைவீரர்களால் பரவிய கைக்கடிகாரம், இரண்டாம் உலகப்போருக்குப் பின் எளியோர்க்கும் எட்டும் பொருளாயிற்று. இந்தியாவில் எச்.எம்.டி. நிறுவனம் 1961இல் சப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுறவு கொண்டு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. சப்பானின் சீக்கோ நிறுவனம் 1963இல் தானே சாவி ஏறும் 'சீக்கோ 5' வகையை வெளியிட்டது. மணமகனுக்குக் கைக்கடிகாரம் அணிவிப்பது தமிழர் திருமணங்களில் வழக்கமாயிற்று. தோட்டத்து இளைஞன் நகரக் கடையில் முதற் கடிகாரத்தை வாங்கிய நாளில், அலுவலகத்தின் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கருவி லயத்துக்குள் நுழைந்தது.

அக்கருவி எவ்வாறு நேரத்தைக் காக்கின்றது? சாவி கொடுக்கும்பொழுது முதன்மைச் சுருள்வில் இறுகி ஆற்றலைச் சேமிக்கின்றது. அவ்வாற்றல் பற்சக்கரங்கள் வழியே சென்று, சமன்சக்கரம் என்னும் சிறு வளையத்தை இருபுறமும் அலைக்கின்றது. மயிரினும் மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் திரும்பத் திரும்ப நடுநிலைக்கு இழுக்கின்றது. 1675இல் டச்சு அறிஞர் ஐகன்சு இம்முறையை வெளியிட்டார். பழைய கைக்கடிகாரங்கள் பல நொடிக்கு ஐந்து முறை துடிப்பவை; அதாவது நாளொன்றுக்கு 4,32,000 துடிப்புகள். கடிகாரம் நாளொன்றுக்கு 30 நொடி முந்துமாயின், அது 150 துடிப்புகளைக் கூடுதலாக எண்ணிவிட்டது என்பதே பொருள். பிழை 2,880இல் ஒரு பங்கு மட்டுமே. பழைய தமிழ்க் கணக்கில் ஒரு விநாடிக்குச் சற்று மிகுதி.

ஆகவே புதிய கடிகாரம் சில நொடி முந்துவதோ பிந்துவதோ குறையன்று. பல தானியங்கிக் கடிகாரங்களுக்கு உற்பத்தியாளரே நாளொன்றுக்கு 20 நொடி பிந்துதல் முதல் 40 நொடி முந்துதல் வரை இயல்பு எனக் கூறுகின்றனர். மிக நுண்ணியவை எனச் சுவிட்சர்லாந்தில் சான்றிதழ் பெறுபவற்றுக்கே சராசரியாக 4 நொடி பிந்துதல் முதல் 6 நொடி முந்துதல் வரை எல்லை உண்டு. அச்சான்றிதழுக்கு ஐந்து நிலைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலும் பதினைந்து நாள் சோதிக்கின்றனர். ஏனெனில், கடிகாரத்தைப் படுக்க வைத்தால் ஒரு வேகமும் நிறுத்தி வைத்தால் மற்றொரு வேகமும் அமைகின்றன. வெப்பம் சுருள்வில்லைத் தளர்த்தும். இத்துன்பத்தைப் பெரிதும் நீக்கிய நிக்கல் உலோகக் கலவைகளைக் கண்ட கியோம் என்னும் அறிஞர்க்கு 1920இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. காந்தம் பட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் பெரிதும் முந்தும். வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு அருகில் கடிகாரத்தைக் கழற்றி வைத்தல் ஆகாது என்று முதியோர் கூறியது இதனாலேயே.

பிழையைத் திருத்துவதற்கென்று சமன்சக்கரத்தின் மேல் ஒரு சிறு நெம்பு உண்டு. கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இடையே அதனை மயிரிழையளவு நகர்த்தினால், சுருள்வில்லின் இயங்கும் நீளம் குறையும் அல்லது கூடும். குறைந்தால் துடிப்பு விரையும், கூடினால் தளரும். தேர்ந்த பழுதுபார்ப்பவர் புதிய கடிகாரத்தை உடனே திறப்பதில்லை. எண்ணெய் பரவிப் பொறி இயல்பு நிலையை அடையச் சில வாரம் அணியச் சொல்வார்; பின்னர் அணிபவரின் பழக்கத்தைக் கேட்டறிந்து திருத்துவார். வெயிலில் மரம் சீவுவோன் கையிலும் நிழலில் எழுதுவோன் கையிலும் ஒரே கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

ஒப்பிடும் உரிமை

இனி முதலில் கூறிய இரண்டு வினாக்களையும் ஒன்றாக வைத்து நோக்கலாம். நாளொன்றுக்கு 5 நொடி பிழைபடும் நல்ல கடிகாரம், அரைமணி நேரம் தவறுவதற்கு 360 நாள் வேண்டும். 1981 திசம்பர் 31ஆம் நாள் இரவில் ஓர் ஆணை அதே அரைமணியை ஒரு கணத்தில் மாற்றியது. பொறியின் பிழையைக் காட்டிலும் ஆட்சியின் முடிவே மக்கள் பொழுதைப் பெரிதும் அசைத்தது என்பதற்கு இதனினும் எளிய கணக்கு வேண்டுவதில்லை.

எனினும் பொதுநேரம் வேண்டாததன்று. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கலாகாது என்றும், ஒரு நாளின் வேலை எட்டு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் பொதுவிதி வகுக்கின்றது. 2023 முதல் வார எல்லை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது. இவ்வுரிமைகள் யாவும் மணியால் அளக்கப்படுபவை. அளவையில் தொழிலாளிக்கும் பங்கு இருந்தால்தான் அவை உரிமைகளாக நிற்கும். தோட்டத் தொழிலாளிக்குக் கைக்கடிகாரம் வெறும் அணிகலனாக அமையாததன் காரணம் இதுவே. மணி அடித்த நொடியில் தன் மணிக்கட்டையும் நோக்க அவனால் முடிந்தது.

1969 திசம்பரில் சப்பானில் விற்பனைக்கு வந்த படிகக் கடிகாரம், மாதத்திற்கே 5 நொடி பிழை என்னும் அளவை எட்டியது. ஒசூரில் தைத்தான் நிறுவனம் 1987இல் அத்தகைய கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிலை மூட 2016இல் முடிவு செய்யப்பட்டது. பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களும் பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்பு நிலங்களாயின. பெரட்டுக் களங்கள் புல் மூடிக் கிடக்கின்றன. இன்று மலேசிய நேரத்தை அணுக்கடிகாரங்கள் காக்கின்றன. கைப்பேசி தானே திருத்திக்கொள்கின்றது. எவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் மறையாதிருக்க ஆசிரியர்கள் ஓர் எளிய பயிற்சியை மாணவர்க்குத் தரலாம். வீட்டிலுள்ள பழைய சாவிக் கடிகாரத்திற்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, வானொலியின் நேரக்குறிப்போடு பத்து நாள் ஒப்பிட்டு, முந்திய நொடிகளைக் குறித்துப் பத்தால் வகுக்கச் செய்யலாம். அதனோடு, கதிரவன் உதித்த நேரத்தையும் எழுதச் செய்யலாம். முதல் எண் பொறியின் இயல்பைக் கூறும். இரண்டாவது எண், தங்கள் பாட்டனும் பாட்டியும் எழுந்த பொழுதுக்கும் இன்றைய கடிகாரம் காட்டும் மணிக்கும் உள்ள தொலைவைக் கூறும். அத்தொலைவில்தான் பேராக் தமிழர் வரலாற்றின் ஒரு பகுதி எழுதப்படாமல் இருக்கின்றது.